வெதுவெதுப்பில் செத்த காந்தம்

சொன்ன அளவில் காந்தம் செய்து வாங்கித் தருகிற தொழிலில், இரும்பைவிட வேகமாக வந்து ஒட்டிக்கொள்வது பழி. நான் கொடைக்கானல் மலையடிவாரத்து வத்தலக்குண்டில் இருந்துகொண்டு, மலைக்காரர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, கோயம்புத்தூரில் சுந்தரம் என்பவரின் பட்டறையில் செய்யச் சொல்லி, கையோடு கொண்டுபோய்க் கொடுக்கிறவன். இரண்டு பேருக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? இதில் பொய் கொஞ்சம்தான்.

பெரிய ராட்சசன்

கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே, பெருமாள்மலையில் காப்பிக்கொட்டை வறுத்து, அரைத்து, விற்கிறவள் ஸ்டெல்லா. அவளிடம் மூட்டை மூட்டையாக வாங்குகிற இடம் ஒன்றே ஒன்று, கொடைக்கானலில் ஒரு ஹோட்டல். அங்கே ஒரு நாள் பொடியில் ஆணித்துண்டு கிடந்துவிட்டது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த ஹோட்டல் போனால் வறுக்கிற மிஷினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான். கொட்டை காயப்போடுகிற மரத்தட்டுகளிலிருந்து ஆணி கழன்று வந்துகொண்டே இருக்கும். அதைப் பிடிக்கக் காந்தம் வேண்டும்.

செல்போனில் ஒரு காந்தம் புல்லட் வண்டியைத் தூக்குவதைப் பார்த்தாளாம், அதுதான் வேண்டுமாம். நியோடிமியம் என்று பெயர். பலத்தில் ராட்சசன், ஆனால் சூடு ஆகாது. தண்ணீர் கொதிப்பதற்கு முன்னாலேயே இது இழுக்கிற சக்தி போய்ப் படுத்துவிடும். எங்கே மாட்டப் போகிறாய் என்று கேட்டேன். வறுத்த கொட்டை விழுகிற தகரச் சரிவில் என்றாள். "ஏம்மா, அது கொதிக்குமே!" என்றேன். அவ்வளவுதான், அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் தெனமும் கை வைக்கிற எடம், எனக்குத் தெரியாதாய்யா? வெதுவெதுப்பாத்தான் இருக்கும். உள்ளதுலயே பெரிய ராட்சசனாப் பாத்து வெரசாக் கொண்டாங்க!"

கோயம்புத்தூர் விசாரணை

சுந்தரம் நல்ல மனுஷன். ஆனால் கேள்வி கேட்க ஆரம்பித்தால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் தோற்றுப்போவார்கள். என்ன நீளம், என்ன கனம், எந்தப் பக்கம் வடதுருவம், மேலே என்ன முலாம், எங்கே ஓட்டை? ஓட்டையை எங்கள் ஊர் வெல்டரே போட்டுக்கொள்வார் என்று ஸ்டெல்லா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். போனில் ஒரு பெருமூச்சு வந்தது. காந்தம் பீங்கான் மாதிரி, செய்து முடித்தபின் டிரில் வைத்தால் தூள்தான் மிஞ்சும், அந்த வெல்டரை அது இருக்கிற பக்கமே விடாதீர்கள் என்றார்.

கடைசியில் சூட்டுக்கு வந்தார். வெதுவெதுப்பு என்றேன். மனுஷன் அதோடு விட்டாரா? "ஏனுங்கய்யா, வெதுவெதுப்புன்னா எத்தன டிகிரிங்க? கொழந்தையக் குளிப்பாட்டற வெதுவெதுப்புங்களா, எறகு பறிக்கக் கோழிய முக்கியெடுக்கற வெதுவெதுப்புங்களா?"

பஸ்ஸை விட்டு இறங்காதது

குழந்தைக் கணக்குக்கே செய்த காந்தத்தை மரப்பெட்டிக்குள் தெர்மாகோல் சுற்றித்தான் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கொடைக்கானல் பஸ்ஸில் சீட்டுக்கடியில் வைத்தேன். முதல் வளைவிலேயே 'டொம்' என்று ஒரு சத்தம். பெட்டி நகர்ந்துபோய் சீட்டின் இரும்புக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டது. அடுத்த வளைவில் முன்சீட்டுக்காரரின் குடை வந்து சேர்ந்தது. அதற்கடுத்த வளைவில், தோட்ட வேலைக்குப் போகிறவரின் மண்வெட்டி. வழியில் ஊத்து என்கிற ஊரைத் தாண்டும்போது, வண்டி இடது பக்கமாகவே இழுக்கிறது என்று டிரைவர் முணுமுணுத்தார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

பெருமாள்மலையில் நான் இறங்கத் தயார், காந்தம் தயாரில்லை. குடைக்காரரும் மண்வெட்டிக்காரரும் நானும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. மூன்று பேரும் கொடைக்கானல் வரை போய், அங்கே கட்டை கொடுத்து நெம்பி எடுத்து, வேறு பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஒரு கை கொடுக்க வேண்டிய கண்டக்டர் கம்பியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "பெருசு, அதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்துருங்க. அது நம்ம வண்டிக்குக் குடித்தனம் வந்துருச்சு."

கையே சாட்சி

மாட்டிய அன்றைக்கு ஆணியைப் பிடித்தது, குண்டூசியைப் பிடித்தது, ஸ்டெல்லாவின் சேலையிலிருந்த சேப்டி பின்னைக்கூட விடவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் போன். ஒன்றையும் பிடிக்கவில்லை, டூப்ளிகேட் சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று ஏச்சு. அதோடு, அடுத்த லோடுக்கு முன்னால் மேனேஜரே நேரில் வந்து பார்க்கப் போகிறார் என்று அழுகை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மலையை நடந்தே ஏறியிருப்பேன்.

நான் போனபோது வறுவல் நடந்துகொண்டிருந்தது. தகரத்தில் கையை வைத்தேன். வைத்த வேகத்தில் எடுத்தேன். "இதுக்குப் பேரா வெதுவெதுப்பு?" என்று நான் போட்ட கூப்பாடு வெள்ளகவி கிராமம் வரை கேட்டிருக்கும். அவளோ நிதானமாக உள்ளங்கையை அதே தகரத்தில் பதித்துக் காட்டினாள். பனி கொட்டுகிற காலையில் அங்கே எல்லாரும் குளிர் காய்கிற இடமே அதுதானாம். காய்ந்து காய்ந்து அவள் கை செருப்புத் தோலாகிக் கிடக்கிறது. "என் கைக்கு வெதுவெதுப்புத்தான்யா. உங்களுது அடிவாரத்துக் கை, அதுக்கு நான் என்ன செய்ய?"

அம்மியில் பாதி

சூடு தாங்குகிற சமாரியம் கோபால்ட் காந்தம் இருக்கிறது. விலையைக் கேட்டதும் ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். "சரி தாயி, இந்த மிஷின்ல நீ குளிர் காயாத எடம் எது?" என்று கேட்டேன். யோசித்து, அரவை மிஷினின் வாய் என்றாள். ஆறின கொட்டை விழுகிற இடம். அங்கேதான் இனிக் காந்தம் என்று முடிவானது.

அங்கே புது ராட்சசனை வைக்கலாமே என்பீர்கள். கொட்டை உரசி முலாம் போய்விட்டால் இந்தப் பனிக்குத் துருப்பிடித்து அதுவே பொடியில் உதிரும். ஆணியைப் பிடிக்க வந்தது ஆணிக்கு மேல் கெடுதல் செய்யும். அதனால் ஸ்பீக்கரில் இருக்கிற ஃபெரைட் காந்தம் சொன்னேன். பலம் குறைச்சல், ஆனால் துருப்பிடிக்காது, அகலமாகச் செய்து வைத்தால் வேலைக்குப் போதும். கறுப்பாக, பலகை மாதிரி வந்து இறங்கியது. ஸ்டெல்லா அதைத் தட்டிப் பார்த்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள். "ஏய்யா, காந்தம் கேட்டா அம்மியில பாதிய வெட்டிக் கொண்டாந்துருக்கீங்களே?"

மேனேஜர் வந்தார்

அந்தப் பலகை பேசாமல் வேலை செய்தது. மேனேஜர் வருகிற அன்றைக்கு நானும் போயிருந்தேன். பெருமையாகக் காட்ட வேண்டும் என்று ஸ்டெல்லா அதைத் துடைக்காமலே வைத்திருந்தாள், புண்ணியவதி. ஆணியும் கம்பித்துண்டும் இரும்புத் தூளுமாக முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. மேனேஜர் முகம் வெளுத்துவிட்டது. "மை காட், அப்ப இவ்வளவு நாளா நாங்க குடிச்சது?" என்று என்னை முறைத்தார். ஆணி என் வீட்டிலிருந்து வந்த மாதிரி!

ஸ்டெல்லாதான் முன்னால் வந்தாள். "சார், நல்லாப் பாத்துக்கங்க. இதெல்லாம் நீங்க குடிக்காத ஆணி" என்றாள். அவர் ஒரு ஆணியைப் பிய்த்தெடுத்தார், பார்த்தார், திரும்ப ஒட்ட வைத்தார். வெளியே மூட்டைகள் காத்துக் கிடந்தன. கடைசியில் அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஓகே, மூட்டைய ஏத்துங்க. ஆனா இந்தப் பிளேட்ட எங்க செஃப் கண்ணுல மட்டும் காட்டிறாதீங்க, ப்ளீஸ்."

ஆக மக்களே, இந்தத் தொழிலில் காந்தம் பிடிக்காவிட்டால் நான் ஏமாற்றுக்காரன், பிடித்துவிட்டால் காட்டிக்கொடுத்தவன்.