மருந்து செலுத்திய கை

முருகம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயதில் வலது தோள் இறுகிப்போனது. சோறு பிசைய முடிந்தது. கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. மூன்று மாதமாக மருமகள் பானுப்பிரியாதான் தலை சீவிவிட்டாள்.

பானுப்பிரியாவுக்குக் கொண்டை வராது. சடைதான் வரும். ஆமத்தூரிலிருந்து விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் வேனில் முருகம்மாள் சடையோடு ஏறினாள்.

"ஏத்தா, எத்தனாங் கிளாஸு?" என்று கூட வேலை செய்யும் கருப்பம்மாள் கேட்டாள். வேன் முழுக்கச் சிரித்தது.

சடையையாவது பொறுத்துக்கொள்ளலாம். தினமும் காலை ஆறு மணிக்கு மருமகளுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கால் மணி நேரத்தில் பானுப்பிரியா எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்ல முடிந்தது. கலர் டிவி வந்தது அப்படித்தான். தாய்வீட்டில் பத்து நாள் தங்கியதும் அப்படித்தான். முடி அவள் கையில் இருந்தது.

விருதுநகரில் எலும்பு டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். பாதியில் நின்றது.

"மூட்டுக்குள்ள மருந்து செலுத்திடலாம்மா" என்றார்.

முருகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் பட்டாசுக்குள் வெடிமருந்து அடைக்கும் அறையின் வாசலில் எழுதியிருப்பது அதுதான்: 'மருந்து செலுத்தும் அறை. நான்கு பேர் மட்டும்.'

"எம்புட்டு மருந்து சார்?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னாலும் மருந்துதான?"

டாக்டருக்குப் புரியவில்லை. ஊசியைப் போட்டார். இரண்டு நாள் பாரம் தூக்க வேண்டாம், வலி சற்றுக் கூடலாம், சில நாள் சர்க்கரை ஏறும், வலி குறைந்ததும் கையைத் தூக்கிப் பழக வேண்டும் என்றார். பாரம் தூக்க வேண்டாம் என்றதோடு முருகம்மாள் கேட்பதை நிறுத்திக்கொண்டாள். மருந்தைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் மருந்து அறைச் சட்டம் அமலுக்கு வந்தது. செலுத்தியதைத் தட்டக் கூடாது, உரசக் கூடாது, நெருப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. கம்பெனிக்கு லீவு சொன்னாள். கையை முந்தானையால் கட்டிக்கொண்டாள். உரசினால் பொறி தட்டும் என்று நைலக்ஸ் சேலையை மடித்து வைத்தாள். அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கவில்லை. மகன் மாரிக்கண்ணன் செல்போனோடு வந்தால், "தள்ளிப் போயிப் பேசுலே" என்றாள்.

"அத்தே, அது ஊசி மருந்து. வெடிக்காது."

"இருபத்திரண்டு வருசம் மருந்துல கெடந்தவ நானு. நீ எனக்குச் சொல்றியாக்கும்."

"சரி, வெளக்குமாறாச்சும் பிடிக்கலாம்ல? அதுல என்ன நெருப்பு?"

"உரசும்ல."

இதில் பயம் எவ்வளவு, வசதி எவ்வளவு என்று பானுப்பிரியாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. முருகம்மாளைக் கேட்டாலும் தெரிந்திருக்காது.

மூன்று வாரம் கழித்து டாக்டரிடம் போனார்கள்.

"வலி இருக்கா?"

"சுத்தமா இல்ல சார்."

"கையைத் தூக்குங்க."

கை அதே பாதியில் நின்றது.

"தூக்கிப் பழகலையா?"

"மருந்து இருக்கிற கைய எப்படி சார் ஆட்டுறது?"

மிச்சத்தைப் பானுப்பிரியா சொன்னாள். எதையும் விடவில்லை. அடுப்பங்கரையைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் ஏறியது. டாக்டர் சிரிப்பார் என்று முருகம்மாள் எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"இந்த மருந்து வலியைத்தாம்மா அமர்த்தும். இறுக்கம் விடணும்னா நீங்கதான் தூக்கணும். வலி இல்லாத நாள் கொஞ்ச வாரம்தான். அதுல பாதியக் கட்டிவச்சுக் கழிச்சிட்டீங்க. வலி திரும்பிட்டா தூக்க விடாது."

முருகம்மாள் இடது கையால் சடையைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் எத்தனை வருஷம் ஆறு மணிக்கு உட்கார வேண்டியிருக்கும் என்று நினைத்தாள்.

மறுநாளிலிருந்து டாக்டர் காட்டிக்கொடுத்தபடி வலது கை விரல்களால் சுவரில் ஏறினாள். சுவரில் கம்பெனி கொடுத்த 2006-ஆம் வருஷத்துக் காலண்டர், லட்சுமி படம். முதல் நாள் விரல் தேதித் தாளைத் தொட்டது. ஒரு வாரத்தில் தாமரைக்கு வந்தது.

"என்ன அத்தே, பூவோட நிப்பாட்டிட்டீக?"

"இழுக்குது பிள்ள."

"மருந்து இருக்கும்போதே ஏறுங்க. லட்சுமி மடி ரெண்டு விரக்கடைதான்."

பானுப்பிரியா விடவில்லை. முடி கையில் இருப்பது நல்லதுதான். ஆனால் மூன்று வேளை அடுப்பும் அவள் கையிலேயே இருந்தது.

விரல் கிரீடத்தைத் தொட ஒன்றரை மாதம் ஆயிற்று. அடுத்த நாள் ஆறு மணிக்குப் பானுப்பிரியா சீப்போடு வந்தபோது முருகம்மாள் உட்காரவில்லை. நின்றபடி கையைப் பின்னால் கொண்டுபோனாள். பல்லைக் கடித்துக்கொண்டு முடியைச் சுற்றி முடிந்தாள். கொண்டை இடது காதுப் பக்கம் சாய்ந்து நின்றது. பானுப்பிரியா அதை நிமிர்த்தக் கை நீட்டினாள்.

"தொடாத. மருந்து செலுத்துன கை போட்டது."

வேனில் கருப்பம்மாள் கொண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பாஸாயிட்டியாத்தா?"

"பார்டர்ல" என்றாள் முருகம்மாள்.