ஆமாம் சார், டோக்கன் 118

லாண்டரிக்காரர் வேண்டுமென்றேதான் பேங்க் காஷியரின் மானத்தை வாங்கினார் என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வைத்திருக்கிறார்கள். கிழிந்த நோட்டை காஷியர் வாங்க மறுத்துவிட்டாராம். இல்லையில்லை, லாண்டரிக்காரர் தலையில் மருந்துக்கும் முடி கிடையாது, ஓய்வு பெறப்போகும் காஷியருக்கோ கருகருவென்று காடு, அந்த வயிற்றெரிச்சலாம். முடிவெட்டும் கடைக்காரரைக் கேட்டேன். இரண்டுமே உண்மை என்றார். அவருக்கு எல்லாமே உண்மைதான், வாடிக்கையாளர் நாற்காலியில் இருக்கும்வரை. சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று, அழுக்காகாத போர்வை ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு லாண்டரிக்குக் கிளம்பினேன்.

ரயில் பெட்டி போல நீளமான ஒற்றை அறை. ஒரு பக்கம் முழுக்கக் குழாயில் தொங்கும் துணிகள், எதிர்ச் சுவரில் டோக்கன் மாட்டும் ஆணிகள், நடுவில் இஸ்திரி மேசை. அவர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக ஊரையே அவர் அப்படித்தான் அடையாளம் வைத்திருக்கிறார். பெயர் கேட்டால் முழிப்பார். காலர் உள்பக்கத் தையலைச் சொன்னால் வீட்டு விலாசம் வரை சொல்வார்.

"போர்வை அழுக்கே இல்லையே சார்?"

"வாசம் வருதுங்க."

மோந்து பார்த்துவிட்டு மேசைமேல் வைத்துக்கொண்டார். பாவம், மரியாதைக்காரர்.

பேச்சைப் பக்கத்துத் தெருவில் திறந்திருக்கும் மெஷின் லாண்டரி பக்கம் இழுத்தேன். போனிலேயே ஆர்டர், வீட்டுக்கே வந்து எடுத்துப் போகிறார்கள். இவர் டோக்கன்களில் பாதி ஆணியை விட்டு இறங்குவதே இல்லை. அப்போதுதான் கூரியர் ஆபீசில் வேலை பார்க்கும் இவருடைய மைத்துனன் வந்து, "பேஜ் இல்லாத கடை பூட்டின கடை மாதிரி மாமா" என்று சொல்லி, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பேஜை ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறான்.

"முதல்ல இஸ்திரிப் பெட்டியப் போட்டேன் சார். தலைகீழா வந்துடுச்சு. உடனே எடுத்துட்டு நேரா வச்சுப் போட்டேன். மூணு லைக்."

"யார் யாரு?"

"வீட்டுல ஒண்ணு, மச்சான் ஒண்ணு. கடையே ஒண்ணு போட்டுக்குச்சு. கடை போடலாமாடான்னு கேட்டேன். யாராவது ஆரம்பிச்சு வைக்கணும்ல மாமான்னான்."

மைத்துனன் இரண்டு பாடம் சொல்லிக் கொடுத்திருந்தான். ஒன்று, யார் கமெண்ட் போட்டாலும் உடனே பதில் போட வேண்டும். இரண்டு, ஜனங்களுக்கு முன் படம், பின் படம் என்றால் உயிர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காஷியரின் சட்டை வந்திருந்தது. எலுமிச்சை நிறம், பாட்டில் பச்சைக் கோடு. ஊரிலேயே அப்படி ஒன்றுதான் உண்டு. காலரில் தலைச்சாயம் இறங்கிக் கறுத்திருந்தது. மைத்துனன் சொன்னபடி இவர் முன் படம் எடுத்தார், பின் படமும் எடுத்தார். அதாவது காலரின் முன்பக்கம் ஒன்று, திருப்பிப் போட்டுப் பின்பக்கம் ஒன்று. சட்டை இன்னும் தண்ணீரையே பார்க்கவில்லை. "தலைச்சாயக் கறையா? கவலையை விடுங்க!" என்ற வரியை மைத்துனன் போனில் சொல்லச் சொல்ல இவர் தட்டினார்.

"மூஞ்சியா சார் போட்டேன்? வெறும் காலர்தானே!"

உண்மைதான். ஆனால் பேங்க் கவுண்டர் முன்னால் அரை மணி நேரம் வரிசையில் நிற்கும் மனிதன் வேறு எதைப் பார்ப்பான்? பத்து நிமிடத்தில் ஒருவர் கேட்டுவிட்டார்: "இது நம்ம காஷியர் சட்டை மாதிரி இருக்கே?"

இவர் உடனே பதில் போட்டார்: "ஆமாம் சார். டோக்கன் 118. வியாழக்கிழமை ரெடி."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"கவுண்டர்ல வந்து இது யாரோட துணின்னு கேட்டா சொல்லித்தானே ஆகணும்? சொல்லலன்னா துணி மாறிடும் சார். கை அதுபாட்டுக்கு எழுதிடுச்சு."

அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? 'கறுப்புப் பணம் கேள்விப்பட்டிருக்கோம், இது கறுப்பு முடியா?' என்று ஒருவர். 'எங்க வம்சத்துக்கே நரை கிடையாதுன்னு சொன்னாரே, வம்சம் எந்தக் கம்பெனி?' என்று இன்னொருவர். சிரிக்கும் முகங்கள் மட்டும் இருநூற்றுப் பதினொன்று.

ஆக, வதந்தி பொய். வேண்டுமென்று செய்யவில்லை, தொழில் பழக்கம். இதை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்தான். நான் எழுந்தபோது அவராகவே சொன்னார்.

"மறுநாள் காலைல காஷியரே போன் பண்ணார் சார். சத்தம் போடல. 'அந்தப் படத்தக் கொஞ்சம் எடுத்துடுங்களேன்'னு மட்டும்தான் கேட்டார். 'எடுக்கத் தெரியல சார், மச்சான் வரணும்'னேன். 'சரி, வந்ததும் எடுங்க'ன்னு வச்சுட்டார்."

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"தலைகீழா வந்த இஸ்திரிப் பெட்டிய பேஜ்லேர்ந்து யாருங்க எடுத்தது?"

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியவர் கீழே வைக்க மறந்தார். குழாய்க்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. அவர் அங்கே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தது அதுவரை எனக்குத் தெரியாது.

"நல்லாக் கேளுங்க. நானும் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். இருபது வருஷமா வர்ற மனுஷன், எடுத்துடுங்கன்னு. என்கிட்டயும் தெரியலன்னுதான் சொன்னார்."

"மச்சான் தொடாதீங்க, ஓடுதுன்னான்..."

"அவன் ஓடச் சொன்னா ஓடுவீங்களா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார். வார்த்தைகளை என்னிடம் சொல்லவில்லை, என் போர்வையிடம் சொன்னார்.

"நாப்பது பேர் இருந்தாங்க பேஜ்ல. அவர் கேட்டப்ப முன்னூத்தி எண்பது. சரி, ஐந்நூறு ஆனதும் எடுத்துடலாம்னு இருந்தேன்."

"ஆச்சா?"

"வெள்ளிக்கிழமை ஆச்சு. எடுத்துட்டேன்."

ஆக, வதந்தி செவ்வாய்க்கிழமைக்குப் பொய். புதன், வியாழனுக்கு அது பொய்யில்லை.

இப்போது பேங்க் கவுண்டரில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் உட்காருகிறார். காஷியர் உள்ளே, பழைய ஃபைல்கள் அடுக்கும் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். வியாழக்கிழமை சட்டை எடுக்க வரவில்லை. அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. லாண்டரிக்காரர் இரண்டு தடவை பேங்குக்குப் போய் வரிசையில் நின்றிருக்கிறார். தன் முறை வந்ததும் அந்தப் பெண் "என்ன வேணும்?" என்று கேட்க, "ஒண்ணுமில்லம்மா" என்று திரும்பிவிட்டார்.

"உள்ள போய்க் கூப்பிட வேண்டியதுதானே?"

"என்னன்னு கூப்பிடறது சார்? சட்டையாவது சுத்தமா இருந்தாக் கொடுத்துட்டு வந்துடலாம்."

குழாயிலிருந்து சட்டையை இறக்கிக் காட்டினார். நாலு தடவை துவைத்தும் காலரில் சாம்பல் நிறம் அப்படியே நிற்கிறது. ஊரெல்லாம் வாயைப் பிளந்து பார்த்த அந்தப் பளிச்சென்ற பின் படம், கறையே படாத பின்பக்கம்தானே. அதை நம்பி இதுவரை பதினோரு சட்டைகள் வந்திருக்கின்றன, எல்லாம் சாயக்கறை. கொண்டுவந்தவர்கள் எல்லோரும் "எங்க மாமனாரோடது" என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். மாமனாரே இல்லாத முடிவெட்டும் கடைக்காரரின் சட்டையும் குழாயில் தொங்குவதை நானே பார்த்தேன். காலர் படிக்கத் தெரிந்தவரிடமா இந்தக் கதை! இவர்களில் கமெண்டில் கேலி செய்தவர்கள் யார் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு பெயரையும் சொல்லவில்லை. இது யார் துணி என்று இப்போது யாரேனும் கேட்டால் சொல்வதில்லையாம்.

அந்தச் சிரிக்கும் முகங்களில் ஒன்று நான் போட்டது. படத்தை எடுத்தபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. எவ்வளவு வசதி! என் தலையைப் பற்றி இங்கே பேச்சில்லை.

போர்வைக்கு 119 கொடுத்தார். அதற்கு முந்தின ஆணி காலி. டோக்கன் காஷியரிடம் இருக்கிறது. வழக்கம்போல் கூலியையும் முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"கொடுத்தவர் கொடுத்துட்டார். காலர்தான் பாக்கி" என்று சொல்லி, சட்டையை ஐந்தாவது தடவையாகத் தண்ணீரில் முக்கினார்.