அம்சவள்ளியின் பதினோரு கற்கள்

எங்கள் ஊருக்கு அரசாங்கம் கட்டிக்கொடுத்த உலர்களம் ஒன்று இருக்கிறது. நாற்பது குடும்பத்து மக்காச்சோளமும் அதில்தான் காய வேண்டும் என்றால் அடுத்த தை வந்துவிடும். அதனால் அறுவடை முடிந்ததும் சின்னசேலம் போகிற தார்ச்சாலையில் பாதியை நாங்கள் எடுத்துக்கொள்வோம். தார்ச் சூட்டில் மூன்றே நாளில் சோளம் கலகலவென்று காய்ந்துவிடும். வண்டிக்காரன் மீதிப் பாதியில் போகட்டும், கொஞ்சம் மெதுவாகப் போனால் குடியா முழுகிவிடும் என்பது எங்கள் பேச்சு. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வரைக்கும் வெட்கமாக இல்லை.

சாலையில் என் சோளத்துக்கு அடுத்த இடம் அம்சவள்ளி அக்காவுடையது. வயது நாற்பத்தேழு. சொந்த நிலம் கிடையாது, ஒன்றரை ஏக்கர் குத்தகை. மகள் இலக்கியா கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போகிறாள். வீட்டில் அவர்கள் இரண்டே பேர்தான். அக்காவின் கணவர் கந்தசாமி எட்டு வருடத்துக்கு முன்பு இதே சாலையில் செத்துப்போனார். விடியற்காலையில் தார்ப்பாயை விலக்கிச் சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டிருந்தவரை ஒரு வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. என்ன வண்டி என்று இன்றுவரை தெரியாது. அக்கா நடுச்சாலையில் நின்று அரை மணி நேரம் கை காட்டினாள். நான்கு வண்டிகள் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போயின. ஒருவனும் நிற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் கல் வைக்க ஆரம்பித்தாள். வண்டி சோளத்தில் ஏறாமலிருக்கக் கல் நாங்களும் வைப்போம், செங்கல் அளவுக்கு. அக்காவின் கல் ஒவ்வொன்றும் ஒரு ஆள் தலை அளவு இருக்கும். வரப்போரம் கிடந்ததை உருட்டிக்கொண்டு வந்து, சுண்ணாம்பு அடித்து, சோளத்தின் ஓரமாக வரிசையாக வைத்திருந்தாள். மொத்தம் பதினொன்று. சாயங்காலம் சோளத்தைக் குவித்து மூடியதும் எல்லாக் கல்லையும் சாலையை விட்டுக் கீழே உருட்டுவாள். உருட்டி முடித்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவாள். பதினொன்று வராமல் வீட்டுக்குப் போக மாட்டாள். அக்கா கல்லுக்கு ஆஜர் எடுக்கிறாள் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவ்வளவு ஜாக்கிரதையான பொம்பளை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வேகமாக வருகிறவனைக் கண்டால் அவளுக்கு ஆகாது. துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு சாலையில் இறங்கிவிடுவாள். அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அன்புச்செல்வன். பக்கத்து ஊர்ப் பையன், இருபத்து நான்கு வயது, சின்னசேலத்தில் செல்போன் கடையில் வேலை. தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவன் பைக்கில் வருவது ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே காதில் விழும். தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்தபடியே எதிரில் வருகிற பஸ்ஸுக்கும் எங்கள் சோளத்துக்கும் நடுவில் நுழைந்து போவான். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின்மேல் இருக்கும். சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்பு அக்கா அவன்மேல் துடைப்பத்தையே வீசிவிட்டாள்.

வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். கோபமே இல்லை அவனுக்கு, சிரித்தான்.

"யக்கா, ரோடு இன்னா உங்க வூட்டுக் களமா? மொதல்ல இந்தக் கல்ல எடுங்க. எவனாவது வுழுந்து சாவப்போறான்."

"நீதான்டா சாவப்போற, இந்த ஓட்டு ஓட்டிக்கினு!"

கோபத்தில் யாரும் சொல்கிற வார்த்தைதான். பிற்பாடு அந்த வார்த்தையை நினைத்து அவள் வாயில் அடித்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குத் தை மாதக் கடைசி வாரம். மழை பெய்கிற காலமே இல்லை. ஐந்து மணிக்குக் கல்வராயன் மலைப்பக்கம் கருத்தது. மலையில் பிடித்தால் இங்கே வந்து சேர அரை மணி நேரம் என்று எங்களுக்கு ஒரு கணக்கு. அன்றைக்குப் பத்து நிமிடத்தில் காற்று வந்துவிட்டது. சாலை முழுக்க ஓட்டம். எது யாருடைய சோளம் என்று பார்க்காமல் வாரினோம், சாக்கில் கொட்டினோம், இழுத்தோம். நனைந்த சோளம் இரண்டே நாளில் முளை விட்டுப் பூஞ்சை பிடித்துவிடும். நானும் அக்காவும் அவளுடைய கடைசிச் சாக்கைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று துணியைக் கீழே போட்டாள்.

"தம்பி, கல்ல உருட்டிட்டியா?"

"நீ உருட்டலியா?"

நான் உருட்டிவிட்டேன் என்று அவள் நினைத்திருக்கிறாள். அவள் உருட்டாமல் வர மாட்டாள் என்று நான் நினைத்திருக்கிறேன். மணியைப் பார்த்தேன், ஐந்து முப்பத்தைந்து. இரண்டு பேரும் மழையில் ஓடினோம். சாலைக்கு வந்து சேர்வதற்குள் அக்கா இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். எழுந்து, "மாரியாத்தா, மாரியாத்தா" என்றபடி மறுபடி ஓடினாள்.

சாலையில் ஒரு பிக்கப் வண்டி விளக்கை எரியவிட்டு நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் பைக் கிடந்தது. அதற்கும் முன்னால் அன்புச்செல்வன் கிடந்தான். இருபது நாளாகச் சோளம் அடைத்துக் கிடந்த பாதி அன்றைக்குக் காலியாக இருந்ததும், மழைக்கு முன்னால் வீடு போய்ச் சேர அதில் பறந்திருக்கிறான். ஐந்தாவதோ ஆறாவதோ கல். சுண்ணாம்பு மழையில் கரைந்து வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

பிக்கப்காரன் அவனைத் தூக்க முயன்றுகொண்டிருந்தான். வேடியப்பன் என்று பெயர், மலைக்காரன். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிப் போய்ச் சவ்வரிசி ஆலையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்புகிறவன். அவனும் மெதுவாகப் போகிற ஆளில்லை. அக்காவிடம் அவனும் திட்டு வாங்கியிருக்கிறான்.

"பாத்துக்கினு நிக்காதீங்கம்மா! காலப் புடிங்க!"

அக்கா காலைப் பிடித்தாள். நான் இடுப்பைப் பிடித்தேன். நூற்றியெட்டு வரட்டும் என்று வேடியப்பன் காத்திருக்கவில்லை. பின்னால் தார்ப்பாயை விரித்துப் பையனைக் கிடத்திக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு அடித்துப்பிடித்துப் போனான்.

அவன் போன பிறகு வெங்கடேசன் வந்தார். எங்கள் தெருவில் விவரமானவர் என்று பெயர். சாலையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பதினோரு கல்லையும் காலால் உதைத்துச் சாலையோர ஓடைக்குள் தள்ளினார். மழைத்தண்ணீர் அவற்றின்மேல் ஓடியது.

"நீ இங்க வரவே இல்ல. புரியுதா? பொண்ணு வச்சிக்கினு இருக்கற. வாய மூடிக்கினு வூட்டுக்குப் போ."

அக்காவுக்கு நல்லது செய்வதாகத்தான் அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் போலீஸ் வந்து பார்த்தபோது சாலை கழுவிவிட்டது மாதிரி இருந்தது. நேர்ச்சாலை, பள்ளம் இல்லை, ஒரு கூழாங்கல் இல்லை. அப்படியானால் பையன் ஏன் விழுந்தான்? பின்னால் வந்த பிக்கப்தான் இடித்திருக்க வேண்டும். வண்டியின் முன்பக்கத்தில் பழைய நசுங்கல் ஒன்று வேறு இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பையனின் சொந்தக்காரர்கள் வேடியப்பனை அடித்திருக்கிறார்கள். அங்கிருந்து அவனைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி மோதியதாக வழக்கு. சாலையில் கல் கிடந்தது என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. பையன் செத்துவிட்டால் வழக்கு இன்னும் பெரிதாகும் என்றார்கள்.

அக்கா அந்த இரண்டு நாளும் சாப்பிட்டாளா என்று எனக்குத் தெரியாது. மணிக்கொரு தரம் என் வீட்டு வாசலில் வந்து நிற்பாள்.

"பையன் எப்பிடி கீறான்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"இன்னும் கண்ணு முழிக்கலயாம்க்கா."

போய்விடுவாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவாள். சாலையில் ஏதாவது வண்டி நின்றால் போலீஸா என்று எட்டிப் பார்ப்பாள். இலக்கியாவின் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலும் நிறுத்தத்தில் போய் நின்றுகொள்வாள். எனக்கும் தூக்கமில்லை. ஊர் மட்டும் நிம்மதியாக இருந்தது. அவன் ஓட்டுகிற ஓட்டுக்கு என்றைக்காவது இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டீக்கடையில் பேசினார்கள். அது பொய்யும் இல்லை. அதனால்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடிந்தது.

மூன்றாம் நாள் காலையில் வெங்கடேசன் அக்காவுக்குத் தைரியம் சொல்ல வந்தார்.

"ஏன் இப்பிடி உருகிக்கினு கெடக்கற? மலைக்காரன் ரெண்டு மாசம் அலைவான், அப்புறம் எல்லாம் சரியாப் பூடும். அவனுக்குக் கேக்கறதுக்கு ஆளா இருக்குது?"

அக்கா எழுந்துவிட்டாள்.

"எம்புருசன் ரோட்ல கெடந்தப்போ நாலு பேரு நிக்காமப் போனானுங்க. எட்டு வருசமா போற வர்றவன எல்லாம் அதுக்காகத்தான் திட்டிக்கினு கீறேன். ஒருத்தன் நின்னான். அவனக் கொண்டுபோயி உள்ள வச்சிட்டு நான் வூட்ல உக்காந்துக்கினு கீறதா?"

"உன்ன உள்ள வச்சா உம்பொண்ண யாரு பாப்பா?"

அக்கா இலக்கியாவின் துணி காய்கிற கொடியைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "தம்பி, வண்டிய எடு" என்றாள்.

என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நாற்பதைத் தாண்டவில்லை நான். ஒவ்வொரு பஸ் ஹாரனுக்கும் அவள் கை என் தோளை இறுக்கியது. போகிற வழியெல்லாம் பாதிச் சாலையில் சோளம் காய்ந்தது, ஓரத்தில் கற்கள். இத்தனை வருடம் அந்தச் சாலையில் போய்வந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் அவை எனக்குப் பயமாக இருந்தன.

காவல் நிலையத்தில் வேடியப்பன் சுவரோரம் குந்தியிருந்தான். சட்டையில் பையனின் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. மாற்றுச் சட்டை கொண்டுவர அவனுக்கு ஆள் மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். அக்கா அவனைப் பார்க்கவில்லை. நேராக ரைட்டரின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அவரு இடிக்கலீங்க. கல்லு. என் கல்லு. மழ வந்துச்சின்னு எடுக்காம ஓடிட்டேன்."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். வயதானவர். "இன்னொரு தடவ யோசிச்சிக்கம்மா. இத எழுதினா அப்புறம் கிழிக்க முடியாது" என்றார்.

"எழுதுங்கய்யா. கல்லு எல்லாம் ஓடைக்குள்ள கீது, வந்து பாருங்க."

"கூட யாரு இருந்தா?"

அக்கா கண்ணிமைக்காமல் சொன்னாள். "நான் மட்டுந்தாங்க."

நான் அவளுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். சுவரோரமிருந்து வேடியப்பன், "இனிமே எவன் கெடந்தாலும் நிக்கக் கூடாதுன்னு ரெண்டு நாளா நெனச்சிக்கினு இருந்தேம்மா" என்றான். அக்கா அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. பையனின் அம்மாவிடம் போலீஸ் போய்ச் சொல்லக் கூடாது, தானே போய்ச் சொல்ல வேண்டும் என்றாள்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தரையில் ராஜாம்பாள் உட்கார்ந்திருந்தார். அன்புச்செல்வனின் அம்மா. மடியில் அவனுடைய செருப்பு ஒன்று. காலையில் பையன் கண்ணைத் திறந்துவிட்டானாம். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அம்மாவைப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறான்.

அக்கா அவர் எதிரில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். துடைப்பத்தை வீசியதையும், சாவப்போற என்று கத்தியதையும்கூட விடவில்லை. அடிப்பார் என்று நான் பயந்தேன். சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் நெருங்கி வந்தார்கள். ராஜாம்பாள் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினார்.

"அத்தன கல்லையும் எடுக்கறதுக்கு எவ்ளோ நேரமாவும்?"

"அஞ்சு நிமிசங்க" என்றாள் அக்கா.

ராஜாம்பாள் மடியிலிருந்த செருப்பைத் தடவினார்.

"ஏன்டா இப்பிடி பறக்கறன்னு அவன தெனம் கேப்பேன். அஞ்சு நிமிசம் முன்னாடி வூட்டுக்கு வந்துருவேன்ல, அம்மான்னுவான்."

இரண்டு பேரும் அழவில்லை. அக்கா எழுந்திருக்கவும் இல்லை, அவரும் போ என்று சொல்லவில்லை. நான் படியிறங்கி வந்து வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி காவல் நிலையத்துக்குப் போனேன். ரைட்டர் சாப்பிடப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்சவள்ளியின் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுத வேண்டும் என்று சொன்னேன்.