இடப்பாகத்தில் இருந்தவள்

நாள்தோறும் விளக்கேற்றிப் பதிகம் ஓதிய பின்பே உண்ணும் வீட்டில் பிறந்தவள் நான். பொய்யுரைப்பது எங்களுக்குப் பாவம். பொய்யுரைத்துப் பிறரை அஞ்சவைப்பது பெரும்பாவம். சென்ற ஆடி மாதம், ஆரல்வாய்மொழிக்கு அருகே நான் பயிலும் கல்லூரியின் மருத்துவமனையில் என் கண்ணும் கையும் அறிந்ததை, அறிந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஆக்குபேஷனல் தெரபியில் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உண்பது, தலை வாருவது, பொத்தான் இடுவது என்று நோயால் கைவிட்டுப் போன அன்றாடச் செயல்களை மீண்டும் பழக்கும் மருத்துவம் அது. எனக்கு ஒப்படைக்கப்பட்டவர் பகவதியம்மாள், அறுபதைக் கடந்தவர். மூளையின் வலப்பக்கத்தில் இரத்தம் உறைந்ததில் அவருக்கு உலகின் இடப்பாதி இல்லாமற் போயிற்று. கண்ணில் பழுதில்லை. ஆயினும் இடப்புறம் என்று ஒன்று உண்டென்பதையே மனம் மறந்திருந்தது. தட்டின் வலப்பாதிச் சோற்றை மட்டும் உண்பார். இடப்பாதி அப்படியே இருக்க, "இன்னும் கொஞ்சம் போடு மக்கா, பசிக்கி" என்பார். பூ வரையச் சொன்னால் பாதிப் பூ வரைவார்.

தன் இடப்பாகத்தைப் பெண்ணுக்குத் தந்த இறைவனைப் பாடி வளர்ந்தவள் நான். இந்த அம்மையார் தம் இடப்பாகத்தை யாருக்குத் தந்தாரோ என்று ஒருநாள் விளையாட்டாக எண்ணினேன். எண்ணியிருக்கலாகாது.

அவருடைய ஒரே மகன் சுதனுக்குத் தோகாவில் வேலை. விடுப்பு முடியும் தறுவாய்.

"பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு நேரம் சோறு வச்சிட்டுப் போவா. அம்மைக்கு எடுத்துத் திங்கத் தெரிஞ்சாப் போரும். இல்லேன்னா நாகர்கோவில்ல ஒரு முதியோர் ஹோம் பாத்து வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை எனக்கு பிளைட்டு. வேற என்ன செய்ய?" என்றார்.

"ஹோமுக்கு விட்டா நான் செத்துருவேன்னு அவன்கிட்ட சொல்லு மக்கா," என்றார் அம்மையார் என்னிடம்.

சுதன் அவருடைய இடப்புறத்தில்தான் நின்றிருந்தார்.

வியாழக்கிழமை பேராசிரியரின் மதிப்பீடு. அதில் தேறினால் வீடு, தவறினால் ஹோம். இத்தகைய நோயாளிக்கு நாங்கள் எப்போதும் இடப்புறத்தில் அமர்ந்தே பயிற்சி தருவோம். மறந்த பக்கத்திலிருந்து அழைத்தால்தான் மனம் அங்கே திரும்பும். அதற்கென்றே ஓர் இரும்பு நாற்காலி அங்கே கிடந்தது.

திங்கள் நண்பகல். வழக்கம்போல் வலப்பாதியை உண்டு நிறுத்தினார். தண்ணீர் எடுக்க எழுந்து சென்றேன். பின்னால் நாற்காலி இழுபடும் ஒலி. கிர்ர்...

திரும்பி வந்தேன். இடப்பாதியில் ஒரு பருக்கை இல்லை. மகிழ்ச்சியில் என் கண் கலங்கியது. அந்தப் பாதியில் பீட்ரூட் பச்சடி வைத்திருந்தேன். அம்மையாரின் விரல்களில் சிவப்பு இல்லை. அதை அப்போது பொருட்படுத்தவில்லை.

செவ்வாய் காலை. தலை வாரும் பயிற்சி. எண்ணெய் எடுத்து வருவதற்குள் அவருடைய இடப்பக்கக் கூந்தல் நுனிவரை பின்னப்பட்டிருந்தது. நுனியில் மஞ்சள் நிற ரப்பர் பட்டையின் துண்டு. கைக்கு வலுவேற்றும் பயிற்சிப் பட்டை அது. எங்கள் கூடத்தில் இருப்பவை பச்சையும் சிவப்பும் மட்டுமே.

"யாரும்மா பின்னிவிட்டது?"

"அந்தப் பிள்ளதான்."

"எந்தப் பிள்ள?"

"ஒனக்க கூட இருக்குமே. பேசாது."

வலக்கையை நீட்டிக் காட்டினார். இடப்புறத்தை... அவர் அறியாத இடப்புறத்தை.

என் அறைத்தோழி ஜெஸ்பின் மார்த்தாண்டத்துக்காரி. கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, நர்சு யாராவது பின்னியிருப்பா. பரீட்சைப் பேடியில ஒனக்குக் கண்டதெல்லாம் பேயாட்டுத் தெரியுது. பேயாவே இருந்தா எனக்க தலையையும் பின்னிவிடச் சொல்லு, நானே பின்னி கை கடையுது."

அன்றிரவு உறக்கம் வரவில்லை.

புதன் மாலை. இன்று கண்ணை அகற்றுவதில்லை என்று உறுதி பூண்டு, இரும்பு நாற்காலியில் நானே அமர்ந்தேன். வெளியே கணவாய்க் காற்று. காற்றாலைகளின் ஒலி... வூம்... வூம்... ஆறு மணி அளவில் மின்சாரம் போயிற்று. சன்னல் வழியே அந்தி வெளிச்சம் மட்டும்.

அம்மையார் வலப்பாதியை உண்டு முடித்தார். நிறுத்தினார்.

காத்திருந்தேன்.

காற்றாலைகளின் ஒலி நின்றது. ஆடி மாதத்தில், ஆரல்வாய்மொழியில், காற்று நின்றது.

என் இடக்கையின் மேல் ஏதோ படிந்தது.

குளிர்ந்த ஓர் உள்ளங்கை.

நோயாளியின் கைமேல் எங்கள் கையை வைத்து, விரலோடு விரலை நடத்தித்தான் நாங்கள் பழக்குவோம். அந்தப் பிடி எனக்குத் தெரியும். தேர்ந்த பிடி. அழுத்தாது. விடாது.

என் கை எழுந்தது. சோற்றைப் பிசைந்தது. இடக்கை... எங்கள் ஊரில் இடக்கையால் யாரும் யாருக்கும் சோறு ஊட்டுவதில்லை.

அம்மையார் மெல்ல இடப்புறம் திரும்பினார். வாய் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் தோளுக்கு மேலே பார்த்தார்.

"நீ சாப்பிட்டியா பிள்ள?" என்று கேட்டார்.

பதிகம் சொல்ல நினைத்தேன். முதற்சொல்லே வரவில்லை.

விளக்கு எரிந்தபோது தட்டு துடைத்தாற்போல் இருந்தது. என் இடக்கையில் சோறு காய்ந்திருந்தது.

மறுநாள் பேராசிரியர் வலப்புறத்தில் அமர்ந்தார். இரும்பு நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு நான் விலகி நின்றேன். அம்மையார் வலப்பாதியை உண்டு நிறுத்தியபோது பேராசிரியரின் கைபேசி ஒலித்தது. குனிந்தார். கிர்ர்...

நிமிர்ந்தபோது தட்டு காலி.

"சார், அவங்க சாப்பிடல," என்றேன். பூ வரையச் சொன்னேன். அம்மையார் பாதிப் பூவே வரைந்தார்.

"படம் வேற, சோறு வேற. பசி எல்லாத்தையும் கத்துக்குடுத்திரும்மா," என்று சிரித்தபடி கையொப்பமிட்டார்.

அம்மையார் வீடு சென்றார். சுதன் விமானம் ஏறினார்.

நான் எடுத்து வைத்திருந்த மஞ்சள் பட்டையை ஜெஸ்பின் தன் சபையைச் சேர்ந்த, எங்கள் கல்லூரியில் முன்பு படித்த ஓர் அக்காவிடம் காட்டியிருக்கிறாள். திரும்பி வந்தவள் சிரிக்கவில்லை.

"பெபிஷான்னு ஒருத்தி நமக்கு முன்ன இங்க படிச்சிருக்கா. இடங்கைக்காரி. எப்பவும் தலையில இந்த மஞ்சப் பட்டதான் கெட்டுவாளாம். அவ பாத்த ஒரு அம்மச்சிக்கும் இதே சீக்கு. வீட்டுக்கு அனுப்புன பொறவும் தினம் மத்தியானம் ஸ்கூட்டர்ல போயி, இடப்பக்கம் இருந்து ஊட்டிட்டு வருவாளாம். ஒருநாள் கணவாய் ரோட்டுல லாரி தட்டிட்டு..."

"அந்த அம்மச்சி?"

"கேக்காத ஏட்டி."

நேற்று தோகாவிலிருந்து சுதனின் குரற்செய்தி வந்தது.

"அம்மை நல்லா சாப்பிடுதாம். தினம் மத்தியானம் ஒரு பிள்ளய அனுப்புறீங்களாமே, பக்கத்து வீட்டு அக்கா சொன்னா. பேசாதாம். இடங்கையால ஊட்டுதாம், போவட்டும். அந்தப் பிள்ள வராட்டா சொல்லணும் கேட்டியா... ஹோம்ல இடம் இன்னும் பிடிச்சுத்தான் வச்சிருக்கேன்."

நான் யாரையும் அனுப்பவில்லை.

உண்மையைச் சொன்னால் அம்மையார் ஹோமுக்குப் போவார். பொய் சொல்லவோ எனக்கு நாவில்லை. 'ஆமாம், நாங்கள்தான் அனுப்புகிறோம்' என்று வலக்கையால் எழுதினேன். அனுப்ப மனம் வராமல் அழிக்கப் போனேன்.

என் இடக்கை எழுந்தது. புறங்கையில் குளிர்ச்சி.

செய்தி போய்விட்டது.