எறும்பு தொடாத சர்க்கரை

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கொல்லைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வெறும் சிமெண்டுத் தரை. எறும்புகள் இல்லை.

எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை முதலில் கண்டுபிடித்தவை எறும்புகள்தான். நான் சிறுநீர் கழித்துவிட்டு வந்த கொல்லைச் சாக்கடை ஓரத் தரையில் அவை வரிசை கட்டி நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் என் மனைவி வசந்தா என்னை டாக்டரிடம் அனுப்பினாள். அதன் பிறகு அந்த வரிசை இல்லாத காலை எங்கள் வீட்டில் அபூர்வம். அன்று இல்லை. மறுநாளும் இல்லை. எறும்புகள் சுவரில் ஊர்ந்தன, முருங்கை மரத்தில் ஏறின. அந்தத் தரையை மட்டும் விலகிப் போயின.

நான் திருத்துறைப்பூண்டியில் ஒரு நாளிதழின் தாலுகா நிருபர். பார்த்ததை எழுதுவதும் பார்க்காததை விடுவதும் என் தொழில். இதையும் அப்படியே எழுத முயல்கிறேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் வசந்தா என்னை நீடாமங்கலத்துக்கு அருகில் உள்ள சிவன் கோயிலுக்கு அழைத்துப் போயிருந்தாள். கரும்பின் பெயரைத் தாங்கிய ஈசன் அவர். சர்க்கரை வியாதிக்காரர்கள் ரவையையும் சர்க்கரையையும் கலந்து பிராகாரத்தில் தூவுவார்கள். எறும்பு அதைத் தின்னத் தின்ன உடம்பில் சர்க்கரை குறையும் என்பது நம்பிக்கை. நாங்களும் தூவினோம். கறுகறுவென்று மொய்த்தன. அதனால்தான் எங்கள் கொல்லைத் தரை காலியானதும் வசந்தா சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

"மொத்தத்தையும் சாமியே அள்ளிக்கிட்டுதுங்க" என்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. கம்பவுண்டரிடம் சிறுநீர் கொடுத்தேன். நீல மருந்தில் சொட்டுவிட்டு விளக்கில் காய்ச்சினார். சர்க்கரை இருந்தால் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்துக்கு வரும்.

"சார், நீலம் நீலமாவே நிக்குது. இனிமே கல்யாண வீட்டுல நீங்க பாயசத்தைத் தள்ளி வைக்க வேண்டாம்" என்றார்.

தெரு முழுவதும் செய்தி பரவியது. டீக்கடையில், "பூசினாப்ல ஆயிட்டீங்களே, உடம்பு தேறிடுச்சு" என்றார்கள். உண்மைதான், கன்னம் உப்பியிருந்தது. ஆனால் சவரம் செய்யும்போது கண்ணாடியில் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. காலையில் இமைகள் கனத்து மூடிக்கிடந்தன. மாலையில் பாதத்தில் செருப்பு வாரின் தடம் பள்ளமாக நின்றது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. அந்தக் குழி மெல்ல, யாரோ உள்ளேயிருந்து தள்ளுவது போல, மேலே வந்தது.

தை மாதம். நில உச்சவரம்புச் சட்டப்படி அரசுக்குப் போக வேண்டிய நிலத்தைப் பண்ணைக்காரர் பினாமிகளின் பெயரில் ஒளித்திருக்கிறார் என்று விவசாயத் தொழிலாளர்கள் ஒரு வயலில் கொடி நட்டு அறுப்புக்கு இறங்கினார்கள். சட்டம் கொண்டுவந்த ஆட்சிதான் சாலையில் போலீஸ் வேனையும் நிறுத்தியிருந்தது. நான் வரப்பில் நின்றிருந்தேன். பகல் பதினொன்று இருபது.

சத்தம் நின்றது.

கோஷம் போட்ட வாய்கள் அசைந்தன, ஒலி வரவில்லை. அரிவாள்கள் நெல்தாளில் விழுந்தன, ஒலி வரவில்லை. அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். எல்லா முகங்களும் உப்பியிருந்தன. எல்லாம் என் முகமாக இருந்தது.

விழித்தபோது நாக்கில் மண்ணும் இனிப்பும். விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த அஞ்சம்மாள் என் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நிருபரய்யா, போலீசு இன்னும் தடியவே தூக்கலை. அதுக்குள்ள நீங்க விழுந்துட்டா எங்க சேதிய யாருங்க எழுதுறது?" என்றார். போலீஸ்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அறுப்புக்கு வந்திருந்த கிழவர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "காத்துக்கருப்பு நடமாடுற உச்சிப் பொழுதுல நிக்கிற இடமா இது? அய்யாவை வரப்பை விட்டு இறக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போனார்.

அதன் பிறகும் அது வந்தது. வீட்டில், தாலுகா ஆபீஸ் வாசலில், பஸ்ஸில். முதலில் குளிர்ந்த வியர்வை, பிறகு ஒலி அறுந்துபோகும், பிறகு அந்த முகங்கள். ஒவ்வொரு முறையும் என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது ஏதோ ஓர் இனிப்புதான். சர்க்கரை போய்விட்ட உடம்பு சர்க்கரையால் பிழைத்துக்கொண்டிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் சாமி கொடுத்ததைச் சந்தேகிக்கிறேன் என்று வசந்தா உடைந்துபோவாள். பழைய சர்க்கரை மாத்திரையை மட்டும், பழக்கத்தில், வேளை தவறாமல் விழுங்கினேன். செத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. எதனால் என்றுதான் தெரியவில்லை.

மாசியில் நன்றி சொல்ல மறுபடி அதே கோயிலுக்குப் போனோம். வசந்தா புதுப்புடவை உடுத்தியிருந்தாள். சன்னதியில் நான் குணமாக்கு என்று கேட்கவில்லை. "எனக்குள் நடப்பதைக் காட்டு, அது எதுவானாலும் சரி" என்று கேட்டேன். வேறு வார்த்தை வரவில்லை.

பிராகாரத்தில் ரவையும் சர்க்கரையும் கலந்து கொண்டுவந்த டின்னைத் திறந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தூவினேன். எறும்புச் சாரை ஒன்று அந்த வழியாகவே போய்க்கொண்டிருந்தது. தூவிய இடத்துக்கு ஒரு சாண் முன்னால் சாரை வளைந்தது. சுற்றிக்கொண்டு போனது.

பக்கத்தில் மன்னார்குடியிலிருந்து வந்த அம்மாள் ஒருவர் தூவிய சர்க்கரை கறுப்பாக அசைந்துகொண்டிருந்தது. அதை ஒட்டினாற்போல் இன்னொரு கைப்பிடி போட்டேன். விளிம்பு வரை வந்தன. மீசையைத் தூக்கி நின்றன. திரும்பின.

"என்ன தம்பி, ரேஷன் ரவையா? எறும்புகூட வேண்டாங்குதே!" என்று சிரித்தார் அந்த அம்மாள். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

வசந்தா டின்னை என்னிடமிருந்து வாங்கினாள். அதே டின், அதே கலவை. தன் கையால் எடுத்துத் தூவினாள். எறும்புகள் ஓடி வந்தன.

என் கையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைகூட இல்லை. கோயில் காவலாளியிடம் மருந்து ஏதாவது தெளித்திருக்கிறார்களா என்று விசாரித்தேன். இல்லை என்றார். நடந்தது இவ்வளவுதான். காரணம் எனக்குத் தெரியாது.

"என்னங்க, என்கிட்ட எதை மறைக்கிறீங்க?" என்றாள் வசந்தா.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த முகங்களையும் சொன்னேன். அவள் அழவில்லை. என் காலைப் பிடித்து விரலால் அழுத்தினாள். குழி மேலே வரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எந்திரிங்க. தஞ்சாவூர் பஸ்ஸு இன்னும் போயிருக்காது" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் என் சிறுநீரை எடுத்தார். ஒன்று நீல மருந்தோடு சேர்ந்தது. நீலம் நீலமாகவே நின்றது. மற்றதை வெறுமனே காய்ச்சி, இரண்டு சொட்டுத் திராவகம் விட்டார். கண்ணெதிரே அது திரிந்தது. கெட்டுப்போன பால் போல வெள்ளை வெள்ளையாகக் கட்டிதட்டியது. பிரஷர் பார்த்தார். நம்பாமல் மறு கையிலும் பார்த்தார்.

"சக்கரை போகலைங்க. சக்கரையோட கிட்னி வியாதியும் பிரஷரும் சேர்ந்துருக்கு. இந்த வெள்ளைக் கட்டி கிட்னி வழியா ஒழுகுற புரதம். கிட்னி கெட்டா சக்கரை சிறுநீர்ல இறங்குறது குறையும். நீங்க போடுற மாத்திரையும் உடம்பை விட்டு வெளியேறாது. உள்ளயே தங்கி சக்கரையைக் கீழ தள்ளிக்கிட்டே இருக்கும். அதான் மயக்கம். அதான் நீங்க பார்த்ததெல்லாம்" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இன்னும் கொஞ்ச நாள் இதே மாத்திரை போட்டிருந்தா, ஒரு நாள் காலையில எழுந்திருக்க மாட்டீங்க."

வசந்தா கேட்டாள்: "அப்ப சாமி எங்களை ஏமாத்திடுச்சா டாக்டர்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. இன்னிக்கே கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அது எனக்குப் போதும்."

மாத்திரையை நிறுத்தினார்கள். குறைந்த அளவில் இன்சுலின் ஊசி, பிரஷருக்கு மருந்து, உப்பில்லாத சாப்பாடு. முதல் நாள் உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, இதை எந்த எறும்பும் தொடாது என்றேன். வசந்தா வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். வீக்கம் வடிந்தது. சவரக் கண்ணாடியில் என் முகம் திரும்ப வந்தது. கெட்டுப்போன பாகம் கெட்டதுதான், மீளாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது இன்று வரை வேலை செய்கிறது. மயக்கத்தில் வந்த அந்தப் பெண்கள் அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை.

நான் கேட்டதைத்தான் ஈசன் கொடுத்தார். குணத்தைக் கேட்கவில்லை, காட்டச் சொன்னேன். காட்டினார். அதற்காக ஒவ்வொரு மாசியும் போய் விழுந்து கும்பிட்டு வருகிறேன். இதைப் படிக்கும் அன்பர்களில் சர்க்கரை உள்ளவர்கள் இருப்பீர்கள். நம்பி வேண்டிக்கொள்ளுங்கள். என் வேண்டுதல் அவருக்குக் கேட்டது, உங்களுடையதும் கேட்கும். சர்க்கரை குறைந்தாலும் டாக்டரிடம் போங்கள். சிறுநீரகம், பிரஷர், கண், கால் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டியதற்கான பதில் அங்கேயும் வந்து சேரலாம். எனக்கு அங்கேதான் வந்தது.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் திருவிடைமருதூர் விவசாயி ஒருவர் இருந்தார். "எனக்குச் சக்கரை சுத்தமா நின்னுபோச்சு சார். முகம் வீங்கியிருக்குன்னு மச்சான் புடிச்சு உள்ள போட்டுட்டான். வயல்ல உளுந்து முத்திக் கிடக்கு, எனக்குப் படுக்க ஏது நேரம்?" என்று சொல்லி வார்டையே சிரிக்க வைப்பார். நான் வீடு திரும்பிய அன்று காலை அவருடைய கட்டிலுக்கு வேறு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.