கொப்பியின் கடைசி வரி

சண்டை முடிந்த அடுத்த வருடம் மாமா சுவிஸிலிருந்து வந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. உள்ளங்கையளவு கருவியொன்றைக் காட்டி, வானத்திலுள்ள சற்றலைட் இதன் வழியே ஒளித்த பெட்டிக்கு வழி சொல்லும் என்றார். உலகம் முழுக்க ஆட்கள் பெட்டி ஒளிப்பார்களாம். கண்டெடுப்பவர் உள்ளேயிருக்கும் கொப்பியில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வைக்கவேண்டுமாம். மட்டக்களப்பிலும் ஒன்று, ஒல்லாந்தர் கப்பல் வந்திறங்கிய நினைவுக்கல்லடியில் இருக்கிறதாம்.

"வேல வெட்டி இல்லாத வெள்ளைக்காரர்," என்று அம்மா சிரித்தார். பிறகு, "அதத் தேடி எல்லா நாட்டாக்களும் வருவாங்களா தம்பி?" என்று கேட்டார். மாமா ஓம் என்றதும், "அப்ப நானும் வாறன்" என்றார்.

எனக்கு ஆச்சரியம். சுனாமியில் அண்ணன் காணாமற்போன நாளிலிருந்து அம்மா கடற்கரைக்குப் போனதேயில்லை. அவனை யாரோ வெளிநாட்டுக்காரர் தூக்கிப்போய் வளர்க்கிறார்கள் என்பார். படத்துக்கு மாலைபோட விடமாட்டார். எனக்கு அவனைப் படத்தில்தான் தெரியும்.

களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறிப் போனோம். நினைவுக்கல் மூன்றாள் உயரம். அதில் பாய்க்கப்பல் செதுக்கியிருந்தது. அம்மா கடலுக்கு முதுகு காட்டி நின்றார். கருவியில் மீற்றர் குறையக் குறைய நான் முன்னால் ஓடினேன். அம்மாடி, அவ்வளவு உயரத்து வானத்துக்கு எங்கள் ஊர்க் கல் தெரிகிறதே! கல்லிடுக்கில் கைவிட்டேன். ஏதோ தட்டுப்பட்டது.

"தொடாத புள்ள!" அம்மா பாய்ந்து என்னை இழுத்தார். தெரியாத பெட்டியைத் தொடாதே என்று பள்ளிக்கூடத்தில் கண்ணிவெடிப் படம் காட்டிப் படிப்பித்த காலம் அது. மாமாதான் எடுத்துத் திறந்தார். சோற்றுப்பெட்டி போலொரு பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சின்னக் கொப்பி. எத்தனை நாட்டுப் பெயர்கள்! வாய்பிளந்து புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் ஒரேயொரு வரி மிச்சமிருந்தது.

"கண்டுபிடிச்சது நான். நான்தான் எழுதுவன்," என்றேன்.

அம்மா பேனையை வாங்கிக்கொண்டார். அண்ணனின் பெயரையும் எங்கள் விலாசத்தையும் நுணுக்கி நுணுக்கி எழுதி, வயது பதின்மூன்று என்றும் போட்டார்.

"இங்கிலீசில எழுதுங்க அக்கா," என்றார் மாமா.

"அவனுக்குத் தமிழ்தானே வாசிக்கத் தெரியும்."

"அண்ணாக்கு எட்டு வயசுதானே?" என்று கேட்டேன். படத்தில் அவனுக்கு எட்டு. மாமா கொப்பியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

வீடு வரும்வரை அழுதேன். வானமே காட்டித்தந்த பெட்டி. தேட வராத அண்ணனுக்கா கடைசி வரி? அம்மா என்னை ஏசவில்லை. அன்றிலிருந்து அவர் பகலில் வாசற் படலையைச் சாத்தவேயில்லை. அயல்வீட்டு ஆடு வந்து கத்தரிக்கன்றைத் தின்னும். துரத்துவது என் வேலை. இந்த அம்மாவுக்குப் படலை சாத்த என்ன பஞ்சி, என்ன சோம்பல் என்று திட்டிக்கொண்டே துரத்துவேன்.