கூரைமேல் நின்ற வீட்டுக்காரர்

சுதந்திரம் வந்த புதிதில் மைசூர் அக்ரஹாரத்தில் குடியிருந்தோம். எங்கள் சமையலறைக் கூரையில் மாற்றிய ஓடு மறுவாரமே உடையும். மழை உள்ளே கொட்டும். "உங்க பக்கம்தான் உடையுது, நீங்கதான் மாத்தணும்" என்பார், அடுத்த பகுதியில் இருந்த வீட்டுக்காரர். ஏன் எங்கள் பக்கம் மட்டும் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்களைக் கிளப்ப அவரே உடைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். தாழ்ந்த அந்தக் கூரையில் தினமும் காக்கைக்குச் சோறு வைக்கும்போதுகூட அவர் வாசலை நோட்டம் விடுவேன்.

ஒருநாள் கோயிலுக்குக் கிளம்பியவள் பாதியில் திரும்பினேன். கூரைமேல் அவர், கையில் ஓட்டோடு!

"ஓடுங்களை உடைக்கிறது நீங்கதானா?" தெருவே கூடும்படி கத்தினேன்.

"பேடம்மா, வேண்டாம்மா, கத்தாதீங்க. உடைக்கல, மாத்துறேன். எத்தனை தடவைதான் நீங்களே மாத்துவீங்க? நீங்க சோறு வெச்சுட்டு உள்ளே போனதும் குரங்குங்க கூட்டமா வந்து குதிக்குது."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"உங்கப்பா காரியம் முடிஞ்சதுலேருந்து வைக்கிறீங்க. வைக்காதீங்கன்னு எந்த வாயால சொல்றது?"

மறுநாளிலிருந்து சோற்றைக் கிணற்றடிக் கல்லில் வைத்தேன். ஓடு உடையவில்லை.

மன்னிப்பும் அன்றே கேட்டேன், தெருக்கூட்டம் கலைந்த பிறகு, அவர் காதில் மட்டும் விழுகிற குரலில். பழி போட்டதென்னவோ தெருவுக்கே கேட்கத்தான்.